மாசிக்கு முன்னே பழுத்த ஒட்டுமா

மாம்பூ வாசம்... ஐப்பசிக் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில் புறவாசல் கதவைத் திறந்ததும் அதுதான் முதலில் வந்தது. சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். எனக்குப் பத்து வயது. பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் ஊர்.

ஊரில் வேறு எந்த மாவும் துளிர்கூட விடவில்லை. அம்மா நட்ட ஒட்டுமா மட்டும் பூத்து நின்றது.

திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த கன்று அது. சீக்கிரம் பழுக்கிற இனமாம். நட்ட இடம்தான் தகராறு. பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கும் எங்களுக்கும் புறவாசல் பொது. அவருக்கு அங்கே வைக்கோல் படப்பு போட வேண்டும்.

"ஒட்டு வச்ச மரம் உருப்படாது சிவகாமி. இந்த வருசம் காய்க்கலேன்னா வெட்டிப் போடுவேன்" என்று அப்பா முன்னிலையிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அண்ணன் பேச்சுக்கு அப்பா எதிர்ப்பேச்சு பேசமாட்டார். அம்மா கையால் சாம்பலும் சாணியும் மட்டும் மரத்தடிக்குப் போய்க்கொண்டே இருந்தன.

மழை மறுபடி பிடித்தது... பூ முக்கால்வாசி உதிர்ந்தது.

"நான் சொன்னேம்லா" என்றார் பெரியப்பா.

ஆனாலும் கொஞ்சம் பிஞ்சு நின்றது. அணில் கடிக்காமல் ஒவ்வொரு காய்க்கும் பனையோலையில் முடைந்த சின்னக் கொட்டான் கட்டினாள் அம்மா. விளைந்ததைப் பறித்து அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

அந்தத் தையில் பெரியப்பா மகள் பகவதி அக்கா பிள்ளையுண்டாகி வந்திருந்தாள். குடித்த கஞ்சி வயிற்றில் தங்கவில்லை. ஆள் துரும்பாகிவிட்டாள். மாம்பழம் வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் பேச்சு. எங்கள் ஊர்ச் செங்கவருக்கை மா பழுக்கப் பங்குனி ஆகும். பெரியப்பா வடசேரிச் சந்தை முழுக்க அலைந்து வெறுங்கையோடு திரும்பினார்.

மறுநாள் காலை எங்கள் கதவருகே வந்து நின்றார்.

"சிவகாமி... பழம் ஏதும் இருக்கா?"

அம்மா உள்ளே போய் மஞ்சளாக இரண்டு எடுத்து வந்தாள். மணம் அவளுக்கு முன்னால் வந்தது.

"பிள்ளைக்குக் குடுங்க அத்தான். நாளைக்கும் உண்டு." பழத்தை அவர் கையில் வைத்துவிட்டுக் கேட்டாள், "படப்ப எங்க போடப் போறிய?"

பெரியப்பா மரத்தைப் பார்த்தார். "வயக்கரையில போட்டுக்கிடலாம்."

அக்கா முழுப் பழம் தின்றாள். தங்கியது. சாயங்காலம் கஞ்சியும் குடித்தாள். பெரியப்பா தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வீட்டு மரம், தையிலயே பழுத்துட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எப்போதும் எங்களுக்கு நறுக்கிக் கொடுத்துவிட்டுக் கொட்டையைச் சப்புகிறவள் அம்மா. அன்று கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு பழத்தைத் தோலுரித்து, தனியாக, அவசரமே இல்லாமல் தின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"உனக்கு நாளைக்கு" என்றாள்.

இப்போது ஜனவரியிலேயே சூப்பர் மார்க்கெட்டில் மாம்பழம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கி வருகிறேன்... போனைப் பார்த்துக்கொண்டே தின்கிறார்கள். பழம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெயித்துவிட்டுத் தின்கிற முகத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.