கோயில் கொடி

மண்டபத்தூர் கடற்கரையில் மகள் தன் சின்ன ட்ரோனை மணலில் வைத்தாள். "காத்தே இல்லம்மா, பறக்க விடவா?" பக்கத்துப் படகில் காய்ந்த வலை அசையவில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும். கஞ்சி குடித்துக்கொண்டே அப்பா, "கோயில் கொடி ஆடுதான்னு பாத்துட்டு வாம்மா" என்றார். உயரத்துக் காற்று கீழே தெரியாது. அந்த உச்சிக்கொடி படபடத்தால் யாரும் கட்டுமரம் இறக்கமாட்டார்கள். எனக்கு நடக்கச் சோம்பல். வாசலில் மீன்வாடையோடு வலை அசையாமல் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு, "ஆடலப்பா" என்றேன்.

மூன்றாம் நாள் கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. அம்மா சாகும்வரை அவளிடம் இதைச் சொல்லவில்லை.

"விடவாம்மா?"

"இரு, கோயில் கொடியைப் பாத்துட்டு வரேன்."

ஐந்து நிமிட நடைதான்.