அக்கா விடாத கை

அக்காவின் வலது கையில் இருந்த மாவுக்கட்டுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. குருபோங் ஊரிலிருந்த தொழிற்சாலையில் எனக்கு அடுத்த இருக்கையில் வேலை செய்தவர் அவர். அவருடைய கணவர் எங்கள் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டியவர். மாமா என்று கூப்பிடுவேன். தீவுக்குச் சுற்றுலா போய்த் திரும்பும்போது அவர்கள் வந்த பயணிகள் கப்பல் கவிழ்ந்தது. பலர் இறந்தார்கள். இவர்கள் இருவரும் பிழைத்தார்கள். மனைவியைக் காப்பாற்றியவர் என்று கோயிலில் மாமாவுக்கு மாலை போட்டார்கள். அவர் அதை உடனே கழற்றிவிட்டார்.

ஏன் என்று அக்கா ஒருநாள் கேன்டீனில் சொன்னார். கப்பல் சாய்ந்ததும் ஆளை ஆள் மிதித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். யாரோ ஒருவனின் முழங்கை இடித்து அக்காவின் பல் உடைந்தது. மாமா தீயணைப்பு உருளையால் சன்னலை உடைத்து, கண்ணாடி கையைக் கிழிக்க வெளியே ஏறி, அக்காவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். அக்காவோ பக்கத்து இருக்கைப் பெண்ணின் கையைப் பிடித்திருந்தார். புலாவ் செபாங் என்ற ஊரைச் சேர்ந்தவள், வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவள். அவள் கால் இருக்கைகளுக்கு நடுவே நசுங்கிச் சிக்கியிருந்தது. தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்துவிட்டது.

"விடுடின்னு கத்துனாரு. நான் விடல. அந்த உருளையாலயே என் விரலுல அடிச்சாரு. ரெண்டாவது அடியில ஒடஞ்சிருச்சு. அவ என்னையே பாத்துக்கிட்டு இருந்தா."

வீடு திரும்பியபின் அக்கா மாமாவோடு பேசவே இல்லை. பிறகு பேசிய முதல் பேச்சு, "அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகணும்" என்பதுதான். மாமா மறுக்கவில்லை. அவர் கைக் காயம் ஆறாததால் காரை நான் ஓட்டினேன்.

அந்தப் பெண்ணின் கணவர் வாசலுக்கு வந்தார். மாமா உட்காரக்கூட இல்லை.

"தம்பி, உங்க வீட்டம்மா கைய என் சம்சாரம் விடல. நான்தான் அடிச்சு விட வச்சேன்."

அந்த மனிதர் மாமாவின் முகத்தில் குத்தினார். மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் இறங்கியது. மறுபடியும் குத்தினார். மாமா கையைத் தூக்கவில்லை. நான் விலக்கிவிட ஓடப் பார்த்தேன். அக்கா என்னைத் தடுத்தார். மாமா மதிலோடு சரிந்தார். அந்த மனிதர் கீழே கிடந்த இரும்புக் குழாயை எடுத்தபோதுதான் அக்கா குறுக்கே போய் நின்றார்.

"போதும் தம்பி. இவரு எனக்கு வேணும்."

குழாய் கீழே விழுந்தது. அவர் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவர் அழுது ஓயும்வரை நாங்கள் வெயிலில் நின்றோம்.

இன்றைக்கு எங்கள் தாமான் குடியிருப்பில் இவர்களைச் சண்டையே போடாத ஜோடி என்பார்கள். எனக்கு அந்த வீட்டிலிருந்து திரும்பிய பயணம்தான் நினைவுக்கு வரும். வீடு வரும்வரை பின்சீட்டில் அக்கா தன் துப்பட்டாவால் மாமாவின் மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். கப்பல் மூழ்கிய பிறகு அவர் மாமாவைத் தொட்டதை அன்றுதான் பார்த்தேன்.