பலகையைத் துடைத்தது நான்

போன வருடம் ஆனி மாதம், சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை எனக்கு. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். வாயால் சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகை இருந்த இடத்தில் பெரிய டி.வி. மாதிரி ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். அவரவர் ஊர்க் குளத்தைப் பற்றி விசாரித்து, எல்லாரும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். ஒருத்தி வீட்டிலிருந்து போனில் எழுதுவாள், இன்னொருத்தன் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் எழுதுவான். இரண்டும் அந்தப் பலகையில் வந்து விழும். மஞ்சள் மஞ்சளாகச் சீட்டுகள், நடுவில் படங்கள். அதை நாகர்கோவில் கண்காட்சிக்குக் கொண்டுபோக நாலு பிள்ளைகளைச் சார் தேர்ந்தெடுத்திருந்தார்.

அந்த நாலு பேரில் ஒரு பெண்பிள்ளைக்கு என்மேல் பிரியம். ஒரு நாள், "ஆயா, ஒங்க ஊர்க் குளத்தப் பத்தி எதாவது சொல்லுங்கோ" என்று கேட்டாள். குளம் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிப்பதையும், இறங்க முடியாத கிழவிகளுக்கும் ஒரு பங்கு போவதையும் சொன்னேன். அப்படியே எழுதி, அடியில் 'சொன்னது: ஆயா' என்று போட்டாள். பெருக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சீட்டைத் தேடிப் பார்த்துக்கொள்வேன்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். பலகை முழுக்க விரல் தடமும் பிசுக்கும். கரும்பலகை துடைத்துப் பழகின கை. ஈரத்துணியை உள்ளங்கையில் வைத்து, மேலிருந்து கீழே அழுத்தித் துடைத்தேன். சீட்டுகள் நகர்ந்தன, மறைந்தன. ஈரத்தில் அப்படித் தெரிகிறது போலும் என்று நினைத்தேன். பலகை வெள்ளையானதும் வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மணியடித்ததும் கூச்சல் கேட்டது. அந்தப் பக்கத்தில் யார் எதைச் செய்தாலும் பெயர் பதிவாகுமாம். காலையில் பலகையைத் திறந்தது அந்தப் பெண்பிள்ளையின் பெயரில். அழிந்ததும் அவள் பெயரிலேயே இருந்தது.

"ஒனக்க பேருதானட்டி காட்டுது!"

"நான் சோறு தின்னுட்டுல்லா இருந்தேன்! அழிக்கல்ல!"

"யாரு பாத்தா? பேசக்கு ஒன்ன விடல்லன்னு நேத்தே மூஞ்சியத் தூக்கிட்டுத்தான போன?"

கண்காட்சியில் யார் பேசுவது என்று முந்தின நாள் அவர்களுக்குள் சண்டை. அந்தக் கோபத்தில் அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். சாட்சி சொல்ல ஆள் இல்லை.

"ஒத்துக்க மக்கா, சார் ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றார் சார். அவள் அழுதாள். நான் துடைத்ததில்தான் எல்லாம் அழிந்தது என்று வராண்டாவில் ஈரத்துணியோடு நின்ற எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் சாருடைய அறை வாசல் வரைக்கும் போனேன். வேலை நிரந்தரம் இல்லை. அந்தப் பலகையின் விலையைப் பற்றி எல்லாரும் பேசிக் கேட்டிருக்கிறேன். சார் நிமிர்ந்து, "என்ன ஆயா?" என்றார்.

"குடிக்க வெள்ளம் கொண்டு வரட்டா சார்?"

இவ்வளவுதான் வந்தது என் வாயில்.

மறுநாள் சார் எதையோ அழுத்தினார். அழிந்ததெல்லாம் இருந்த இடத்துக்கே வந்துவிட்டது. பழையது உள்ளேயே பத்திரமாக இருந்ததாம். அப்பாடா, இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அவளுக்குப் பதில் வேறொரு பிள்ளை நாகர்கோவிலுக்குப் போனது. அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "ஏ டஸ்டர்!" என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கையில் துடைக்கிற துணி இருக்கும்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அவளுடைய அம்மா வந்து டி.சி. வாங்கினாள். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரையும் பார்த்தேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று கிட்டே போனேன். அதற்குள் அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயா, போயிட்டு வாறேன். ஒங்க குளம் அதுல அப்படியே இருக்கு, கேட்டேளா. நான் பாத்துட்டுத்தான் வந்தேன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

இப்போதும் அந்த வகுப்பைப் பெருக்குகிறேன். பலகையைத் தொடுவதில்லை. குளத்தைப் பற்றி நான் சொன்னதை அவள் எழுதி வைத்தாள். அவளுக்காக நான் சொல்ல வேண்டியிருந்த ஒரு வார்த்தையை, கேட்க அவள் இல்லாத இடத்தில் இப்படி எழுதி என்ன பயன் என்று எனக்கே தெரியவில்லை.