வரிசையின் கடைசி ஆள்

ஷூ லேஸை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார் கண்டக்டரக்கா. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் பதினொரு பிள்ளைகள் முதுகுப்பையோடு ஏறத் தொடங்கிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள், சீக்கிரமே மூச்சு வாங்கும் ஒருவன், இன்னும் தண்ணீர் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டுகிறான். அவன் கிளம்பும்வரை இவருக்கு லேஸ் வேலை முடியாது. "அவனுக்காகத்தான் நிக்கிறேன்னு தெரிஞ்சா அசிங்கப்படுவான்ல?" என்று என் காதில் முணுமுணுக்கிறார்.

வயது நாற்பத்து மூன்று. நகரப் பேருந்தில் பதினொரு வருஷம் நடத்துநர். குலுங்கும் வண்டியில் நாளெல்லாம் நின்று இடுப்பு வலி வந்ததும் விட்டுவிட்டார். இப்போது, வழக்குகளில் சிக்கிய, பள்ளிக்கூடங்கள் கைகழுவிய நகரத்துப் பிள்ளைகளை ஐந்து நாள் மலைக்கு அழைத்துப் போகும் ஒரு சிறிய அமைப்பில் வேலை. கயிறு கட்டிப் பாறை ஏறவும் ஆற்றைக் கடக்கவும் சொல்லித் தருபவர் பயிற்சியாளர். எல்லோருக்கும் பின்னால் நடந்து, ஒருவரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்பவர் இவர். பாறை ஏற இவருக்குப் பயம். ஆனால் தலை எண்ணுவதில் புலி. கூட்டமே இல்லாத வெட்டவெளியிலும் பிள்ளைகளிடம், "வழியில நிக்காத, உள்ள போ, உள்ள போ" என்பார். எல்லோரும் ஓடையைத் தாண்டியதும் ஒரு "ரைட்!"

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "நான் ஒரு பட்டன அமுக்கி ஜனங்கள மேல ஏத்திடுறேன். இவளுக்கு அஞ்சு நாள் ஆகுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அக்கா கண்டுகொள்வதில்லை. ஏன் இந்த வேலை என்று நான் கேட்டதற்கு, "பஸ்ல பர்ஸ் அடிச்ச பசங்கள எத்தனையோ தடவ பிடிச்சிருக்கேன். அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்டதோட சரி. அப்புறம் என்ன ஆனாங்கன்னு ஒருத்தனப் பத்தியும் தெரியாது. அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு" என்றார்.

ஆறு மாதம் முன்பு வந்த குழுவில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஓடும் பைக்கில் உட்கார்ந்தபடி கைபேசி பறித்த வழக்கு. ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் மற்ற பிள்ளைகள் வைத்த பெயர் பம்பரம். ஐந்து நாளையும் முடித்தால் வழக்கு முடிந்து வீட்டுக்குப் போகலாம், முடிக்காவிட்டால் காப்பகம். ஐந்தாம் நாள் பிற்பகல், கீழே வேன் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது, இன்னும் அரை மணி நடைதான் பாக்கி. அந்த இடத்தில் பம்பரம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"கால் வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன என்னடி?"

"நான் முடிக்கல. அப்படியே எழுதிக்கோங்க."

அக்கா மற்றவர்களைப் பயிற்சியாளரோடு அனுப்பிவிட்டுப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம். மேகம் இறங்கி வேன் மறைந்தது. அதன் பிறகுதான் பம்பரம் வாயைத் திறந்தாள்.

"முடிச்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கல்ல? வண்டி ஓட்டுனது எங்கண்ணன்தான்க்கா. போலீஸ்ல நான் அவன் பேரச் சொல்லல. போன உடனே திரும்பவும் வண்டியில ஏறுடின்னுவான்."

பாறையேற்றம், குளிர், கால் கொப்புளம் எதற்கும் அசராத பெண், வீட்டுக்குப் போகாமல் இருக்கத் தோற்றுக் காட்டுகிறாள். அக்கா அவள் பக்கம் திரும்பினார்.

"இங்கயே உக்காந்துட்டா உன்னால முடியலன்னுதான் பேப்பர்ல இருக்கும். ஏன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. முடிச்சுட்டு, வீட்டுக்குப் போகமாட்டேன்னு நீயே ஆபீசர்கிட்ட சொல்லு. நான் கூட வர்றேன்."

"நெசமா வருவீங்களா? பொய் சொல்லலியே?"

"இடமே இல்லாத வண்டியில, 'உள்ள இடம் இருக்கு ஏறுங்க'ன்னு பதினோரு வருஷம் சொல்லியிருக்கேன். வேற பொய் சொன்னதில்ல."

அவள் சிரித்துவிட்டாள். எழுந்தாள்.

மறுநாள் நன்னடத்தை அதிகாரி அலுவலக வராந்தாவில் அண்ணன்காரன் காத்திருந்தான். அவனைப் பார்த்ததும் பம்பரத்தின் முகம் வெளுத்தது. "வா, அம்மா தேடுது" என்று அவள் பையைப் பிடித்து இழுத்தான். பையின் இன்னொரு வாரை அக்கா பிடித்துக்கொண்டார். பஸ் படிக்கட்டில் தொங்குகிறவர்களிடம் பேசும் அதே குரலில், "அவ இன்னும் பேசலையே தம்பி. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்றார். அவன் இழுத்தான்; இவர் விடவில்லை. உள்ளேயிருந்து அதிகாரி எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். பம்பரம் உள்ளே போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அண்ணன் மேல் வழக்குப் பதிவானது. அவள் இப்போது ஒரு விடுதியில் தங்கி வயரிங் வேலை கற்கிறாள். அவளுடைய அம்மா ஒருநாள் அக்காவின் வீட்டு வாசலுக்கே வந்து, "என் ரெண்டு பிள்ளைங்களையும் பிரிச்சுட்டியே, நல்லாருப்பியா?" என்று கத்திவிட்டுப் போனாராம். "அந்தம்மா சொன்னதும் பொய்யில்லையே" என்கிறார் அக்கா. அதற்குப் பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்பதை வீட்டுக்காரர்தான் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்கா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். டம்ளரில் சாய்த்து வைத்த கைபேசியில் யாரோ லைனில் இருந்தார்கள். பேச்சுக்குரல் இல்லை, வாளியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு?"

"பம்பரம். துணி துவைக்கிறா."

"பேசலையா?"

"பேசுறதுக்கு என்ன இருக்கு? அவளுக்கும் வேலை, எனக்கும் வேலை. வாராவாரம் இப்படித்தான்."

கூடத்தில் வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அக்கா கத்தியை வைத்துவிட்டு எழுந்து போய் அதை அணைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, கைபேசியைத் தன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு, அடுத்த கேரட்டை எடுத்தார்.