காப்பிக் கோப்பைகளுக்கு ஓர் அலமாரி

எங்கள் ஊரில் ஆனி மாத மாங்கனித் திருவிழாக் கூட்டம் வடிந்த வாரத்தில் அலமாரி வேலையைத் தொடங்கினேன். திருமலைராயன்பட்டினத்தில் இடித்த ஒரு வீட்டின் தேக்குச் சட்டங்களை முன்பே வாங்கி மாடியில் அடுக்கி வைத்திருந்தேன். அலுவலகம் போகும்முன் கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு வரைக்கும் என்று வேலை நடந்தது. முதலில் இழைப்பு, பிறகு உப்புத்தாள், பிறகு ஈரத்துணியால் ஒரு துடைப்பு. ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடுவதில்லை.

அலமாரி வேண்டும் என்று கேட்டது என் மனைவி. அவளுடைய அக்கா கல்யாணமாகி பிரான்சுக்குப் போனவர். ஊருக்கு வரும்போதெல்லாம் காப்பிக் கோப்பைகள் கொண்டுவருவார். மெல்லிய வெள்ளைப் பீங்கான், விளிம்பில் நீலக்கோடு. உடைந்துவிடும் என்று பயந்து, சுற்றி வந்த காகிதத்தோடேயே மனைவி அவற்றைப் பரணில் ஏற்றிவிடுவாள்.

போன தடவை வந்தபோது அக்கா கேட்டுவிட்டார். "நான் குடுத்த கப்பெல்லாம் எங்கடி?"

"தெனமும் அதுலதாங்க்கா குடிக்கிறோம். இப்பதான் கழுவிக் கவுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே மனைவி எவர்சில்வர் டம்ளரை நீட்டினாள். அக்கா டம்ளரைப் பார்த்தார். பிறகு வாங்கிக் குடித்தார்.

அந்தப் பார்வை மனைவியை விடவில்லை. கார்த்திகையில் அக்கா மறுபடியும் வருகிறார் என்று தெரிந்ததும் சொன்னாள்: "உள்ள வந்ததும் அந்தக் கப்பு அவ கண்ணுல படணுங்க. அத நாம மதிக்கலைன்னு நெனச்சிட்டா அவளுக்கு மனசு ஆறாது."

எனவே கண்ணாடி பதித்த மரக்கதவோடு ஓர் அலமாரி. கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு தபால் அட்டைகூட நுழையாதபடி இழைத்துப் பொருத்தினேன். வார்னிஷ் காய்ந்ததும் மனைவி சுற்றிவந்து பார்த்தாள்.

"காத்தே போகாது போலருக்கே. கப்புக்கு மூச்சு முட்டப் போவுது."

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். புரட்டாசியில் கோப்பைகளை அடுக்கிக் கதவை மூடினோம். தூசி உள்ளே போகும் என்று அதற்குப்பின் அவள் யாரையும் திறக்கவிடவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கடற்காற்றும் ஈரமுமாக வீட்டில் உப்பு ஜாடி கசிந்தது, தீப்பெட்டி நமத்தது, உப்பிப்போன கொல்லைக் கதவைத் தோளால் இடித்துத்தான் திறந்தோம். அது ஆண்டுதோறும் நடப்பது. ஆனால் வெயில் காலத்தில் நான் அளந்து இழைத்த கதவும் மரம்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் அலமாரி முன்னால் நின்றார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கு தம்பி. நீங்களே செஞ்சீங்களா? சரி, அதுல ஒரு கப்ப எடுங்க, காப்பி குடிப்போம்."

இழுத்தேன். வரவில்லை. ஓங்கி இழுத்ததில் கைப்பிடிக் குமிழ் மட்டும் என் கையோடு வந்தது.

அக்கா தங்கையின் பக்கம் திரும்பினார். "ஏண்டி, தெனமும் இதுலதான குடிக்கிறீங்க?"

நான் திருப்புளியைத் தேடிப் போனேன். அலமாரியின் முதுகுப் பலகை திருகாணியில்தான் நின்றது. நாங்கள் மூவருமாகப் பிடித்து அலமாரியைத் திருப்பினோம். பலகையைக் கழற்றியதும் அக்காவே கையை விட்டு ஒரு கோப்பையை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. அடுத்ததிலும் இருந்தது.

"ஒடஞ்சிருமோன்னு பயந்தேன்க்கா," என்றாள் மனைவி. "நீ அம்புட்டுத் தூரத்துலேருந்து மடியில வச்சிக் கொண்டாந்தது."

அக்கா நகத்தால் விலைச்சீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "ஒடஞ்சா ஒடையட்டும்டி. வேற கொண்டாறேன். நான் வாரதுக்கும் ஒரு சாக்கு வேணாமா? போ, பாலைக் காய்ச்சு."

அன்று முதல் எல்லாரும் அந்தக் கோப்பைகளில்தான் குடித்தோம். அக்கா ஊரில் இருந்தவரை அலமாரி கூடத்துக்கு முதுகைக் காட்டியே நின்றது. எனக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் யாரும் அதைத் திருப்பவிடவில்லை. அவர் கிளம்புவதற்கு முதல்நாள், கழுவும்போது அவர் கையிலேயே ஒரு கோப்பையின் காது உடைந்தது. அக்காவும் தங்கையும் குழாயடியில் நின்று வெகுநேரம் சிரித்தார்கள்.

தை வெயிலில் கதவு தானாகவே இளகியது. அடுத்த மழைக்கு இடம் விட்டு, ஒரு காசு நுழையுமளவு விளிம்பை இழைத்துவிட்டேன். கோப்பைகள் இப்போது அடுப்படித் தட்டில் இருக்கின்றன. அலமாரியில் இருப்பது காது போன அந்த ஒன்று மட்டும். தூக்கிப் போட்டுவிடலாமே என்றேன்.

"இருக்கட்டுங்க," என்றாள் மனைவி. "மொதல்ல ஒடச்சது யாருன்னு அவ வந்தா காட்டணும்."