ஆற்றங்கரைக் கோயிலில் காணாமல் போன செருப்பு

குவைத்தில், அப்பாசியா பள்ளியில் என் மகள் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்தபோது வீட்டில் பெரிய போரே நடந்தது. பிரெஞ்சில் மார்க் அள்ளலாம் என்றாள். அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் "உங்க ஊரு, உங்க பழக்கம்" என்று எங்களைத் தள்ளிவைத்தே பேசுவாள். பிறந்தது குவைத்தில், கல்லூரிக்குப் போவது கனடாவுக்கு. அப்புறம் இவளுக்கும் எனக்கும் நடுவில் என்னதான் மிஞ்சும்? ஆஸ்பத்திரியில் டூட்டி பார்க்கும்போதும் இந்தப் பயம் என்னை விடாது.

பரீட்சை முடிந்ததும் பிரான்ஸைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் அப்பாவுக்கு லீவு 'மாஃபி', இல்லவே இல்லை என்றுவிட்டார்கள். ஊருக்குப் போக வைத்திருந்த என் லீவில் நான்தான் கூட்டிப்போனேன்.

ஒருநாள் ஆற்றங்கரையில் ஒரு பழைய கிராமத்துக்குப் போனோம். ராஜாக்கள் காலத்துக் கோட்டைவாசல், கல் பாவிய தெரு, மரச்சட்டங்கள் வெளியே தெரிய ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த வீடுகள். பல நூறு வருஷத்து வீட்டில் இன்னும் யாரோ ஜன்னலில் துணி காயப்போட்டிருந்தார்கள். குவைத்தில் நாங்கள் முதலில் இருந்த பில்டிங்கையே இடித்துவிட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

தெரு முடிவில் மாதா கோயில். வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

"அம்மா, ப்ளீஸ்! இங்க யாரும் கழட்டல."

"யாரும் கழட்டாட்டி எனக்கென்ன? நீ போ மக்களே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷூவோடு உள்ளே போனாள். முழங்காலிட்டு அவளுக்காகத்தான் வேண்டினேன். வெளியே வந்தால் செருப்பைக் காணோம். கோயிலில் செருப்பு தொலைந்தால் பீடை தொலைந்தது என்பார்கள். எனக்கோ எரிச்சல்தான் வந்தது. பிரான்ஸிலுமா செருப்புத் திருடன்!

மகள் சிரிக்கவில்லை. வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவிடம் போய்ப் பிரெஞ்சில் கேட்டாள். அந்த அம்மா பதறி உள்ளே ஓடிச் செருப்போடு வந்தார். யாரோ மறந்து விட்டுப்போனது என்று எடுத்துவைத்திருக்கிறார். என் வெறுங்காலைப் பார்த்து ஏதோ கேட்டார். மகள் கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பதில் சொன்னாள்.

"என்ன கேட்டாவ?"

"உங்களுக்கு பனிஷ்மென்டான்னு கேட்டாங்கம்மா. இல்ல, நாம சாமி முன்னாடி செருப்பு போட மாட்டோம்னு சொன்னேன்."

பிரெஞ்சில் என்ன சொன்னாளோ தெரியாது. தமிழில் அவள் வாயில் 'நாம' என்றுதான் வந்தது. என்னையும் சேர்த்து, தன்னையும் சேர்த்து. நடுத்தெருவில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஏம்மா அழுறீங்க?" என்றாள் மகள். "அதான் செருப்பு கிடைச்சிடுச்சே!"