கொப்போடு வாங்கச் சொன்னது நான்தான்

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆனி மாதத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் போயிருந்தேன். அங்கே ஒரு வீட்டு வாசலில், மஞ்சள் பழங்கள் குலுங்கும் பாலை மரக் கொப்பு ஒன்றை வாங்கி, அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு படம் எடுத்தேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகம் நிறையச் சிரிப்பு. படத்தின் கீழே ஒரு யோசனையும் எழுதினேன்: "சுண்டுப் பேணியால் அளந்து வாங்காதீர்கள். கொப்போடு கேளுங்கள். வீடு போய்ச் சேரும்வரை வாடாது." ஊரின் பெயரும் போட்டேன், போகும் வழியும் போட்டேன். நான் எழுதியவற்றில் அதிகம் பேர் பகிர்ந்தது அதுதான். பெருமையில் எனக்குப் புளுகம் தாங்க முடியவில்லை.

இந்த வைகாசிக் கடைசியில் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. "அக்கா, நீங்கள் படத்தில பிடிச்ச கொப்பின்ர மரத்தை வந்து பாருங்கோ. இந்த முறை காய்க்கேல்ல. சிவராணி." இவ்வளவுதான். ஏசி எழுதியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல் எழுதிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். இது அப்படி விடவில்லை. மூன்று கிழமை தள்ளிப் போட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

வவுனியாவில் காலை 6.10க்கு யாழ்ப்பாணப் பேருந்து. மாங்குளத்துக்கு 220 ரூபா. இடப்பக்கம் இருங்கள், காலை வெயில் வலப்பக்கத்து ஆட்களுக்குத்தான். 7.15க்கு மாங்குளத்தில் இறங்கி, சந்திக் கடையில் ஒரு பிளேன்ரியும் இரண்டு வாய்ப்பனும் சாப்பிட்டேன், 190 ரூபா. வாய்ப்பன் சுடச்சுட இருந்தது, அதற்காகவே அடுத்த பேருந்தைத் தவறவிடலாம். 7.50க்கு முல்லைத்தீவுப் பேருந்து வந்தது. ஒட்டுசுட்டானுக்கு 26 கிலோமீற்றர், 130 ரூபா, முக்கால் மணித்தியாலம்.

ஒட்டுசுட்டான் சந்தியில் ஓட்டோக்காரர் என்னைக் கண்டதும், "பாலைப்பழத்துக்கோ அக்கா?" என்றார்.

"இல்லைத் தம்பி, பாலை மரத்தைப் பாக்க."

"மரம் பாக்க ஆரும் ஓட்டோ பிடிக்கிறேல்ல," என்று சிரித்தார். காத்து நின்று திரும்பக் கொண்டுவந்து விட 1500 கேட்டார். பேரம் பேச எனக்கு அன்றைக்கு மனம் வரவில்லை.

போகும் வழியில், வீதியோரம் ஒருவர் வாளி நிறையப் பாலைக் கொப்புகளைப் பூக்கடையில் வைப்பதுபோல் நிமிர்த்தி வைத்திருந்தார். கொப்பு ஒன்று 300 ரூபா. பழத்தில் அரைவாசி பச்சைக் காய். ஓட்டோக்காரர் தலையைத் திருப்பி, "இப்ப எல்லாரும் இப்பிடித்தான் கேக்கினம். முந்தி நாங்கள் இப்பிடிக் கண்டதே இல்லை," என்றார். நான் வெளியே எதையோ பார்ப்பதுபோல் இருந்துகொண்டேன்.

9.05க்குப் போய்ச் சேர்ந்தேன். சிவராணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவரும் கணவர் யோகனும் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறார்கள், வீட்டோடு இரண்டு ஏக்கர் வளவு. போன முறை என்னிடம் கொப்பை விற்றது யோகன்தான். அன்றைக்கு சிவராணி வீட்டில் இல்லை. கேற்றடியிலேயே, "வருவியள் எண்டு நான் நினைக்கேல்ல," என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கதிரை வந்தது, தேநீர் வந்தது. அதைக் குடிக்கவிட்டுத்தான் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பாலை ஒரு பெரிய குடைபோல நிற்கும் மரம், அதன் நிழலில் ஒரு கல்யாணச் சாப்பாடே போடலாம். இந்த மரத்தில் நடுவில் மட்டும் கொஞ்சம் இலை இருந்தது. எட்டக்கூடிய உயரத்தில் இருந்த கொப்பெல்லாம் போய், கட்டைகள் மிச்சம். எண்ணினேன், பதினேழு. சில கட்டைகளுக்குக் கீழே பட்டை ஒரு முழ நீளத்துக்கு உரிந்து, உள்மரம் கறுத்துக் கிடந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், யோகன் முந்திவிட்டார்.

"முதல் கொப்பை வெட்டினது நான்தான் அக்கா. உங்களுக்கு. பிறகு வந்தவை எல்லாம் உங்கட படத்தைக் காட்டிக் கேட்டவை. நானும் வெட்டிக் குடுத்தனான். பொய் சொல்லக்கூடாது."

"இவர் வெட்டினது நாலைஞ்சு," என்றார் சிவராணி. "நாங்கள் வயலுக்குப் போன நேரம் பாத்து வந்து வெட்டினதுதான் மிச்சம். வெட்டத் தெரியாமல் வெட்டியிருக்கினம். மேலால மட்டும் வெட்டினால் கொப்பு பாரத்தில விழேக்க பட்டையையும் உரிச்சுக்கொண்டுதான் விழும். கீழால ஒரு சின்ன வெட்டு முதல் வைக்கவேணும். பாலை பூக்கிறது நுனிச் சுள்ளியில. கொப்பை வெட்டினால் இந்த வருசப் பழத்தை எடுக்கிறம், வாற வருசங்களின்ரையையும் சேர்த்து எடுக்கிறம்."

யோகன் உரிந்த கட்டைகளை ஒவ்வொன்றாக அரம்வாளால் சுத்தமாக அறுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தங்காவிட்டால் உக்காது, காயம் மெல்ல மூடும் என்றார். எப்போது பழையபடி காய்க்கும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், "தெரியாது," என்றார்.

பிறகு சிவராணி என்னை இன்னும் கொஞ்சம் உள்ளே கூட்டிக்கொண்டு போய் இளம் பாலை ஒன்றைக் காட்டினார். வீட்டுக் கூரையைவிடக் கொஞ்சம் உயரம். நுனியெல்லாம் மஞ்சள். "இதுக்கு இதுதான் முதல் காய்ப்பு. என்னட்ட இப்ப மிச்சம் இருக்கிறது இதுதான். இதையும் கொப்புக் கொப்பா முறிச்சால் நான் என்ன செய்ய?" அந்தச் செய்தியை ஏன் அனுப்பினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. போன மரத்துக்காக அவர் என்னைக் கூப்பிடவில்லை.

அந்த இளம் பாலை வந்த கதை இந்தப் பயணத்தின் நல்ல பங்கு. சண்டை முடிந்து அவர்கள் மீளக்குடியேறி வந்தபோது பின்வளவு முழுக்கப் பற்றைக்காடு. கொட்டில் போட வெட்டிய வீரை, முதிரை மரங்களின் கட்டைகளிலிருந்து நாலு தளிர், ஐந்து தளிர் என்று கிளம்பி நெருக்கிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவில் இடுப்பளவில் இந்தப் பாலைக் கன்று. "முதல் மூண்டு வருசம் இது ஒரு விரல்கூட வளரேல்ல," என்றார். "வயல்ல நெல்லு நெருக்கமா விழுந்த இடத்தில கதிர் சின்னன் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே. அந்தப் புத்தியை இஞ்ச பாவிச்சுப் பாத்தன்."

முதல் வருடம் ஆசையில் அதிகம் வெட்டிவிட்டாராம். வெயில் கூடி, அந்த இடம் முழுக்க நாயுண்ணிச் செடி ஏறிவிட்டது, அதைப் பிடுங்கவே இரண்டு வருடம் போனதாம். பிறகு பிடி கிடைத்தது. மாரி முடிந்ததும் வருடா வருடம் கொஞ்சமாக, ஒரு கட்டைக்கு ஒரு தளிரை விட்டு மற்றதை எடுப்பது, பாலைக் கன்றுக்கு மேலே ஒரு குடையளவு வெளிச்சம் மட்டும் திறந்துவிடுவது. எடுத்த தடியெல்லாம் பயித்தங்காய்ப் பந்தலுக்குப் போகும்.

இதில் நம்பிக்கை வராவிட்டால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால் போதும். இடப்பக்கத்து வளவை டோசர் விட்டு வழித்திருக்கிறார்கள், இன்றைக்கும் இலுக்குப் புல்லும் நாயுண்ணியும்தான். வலப்பக்கத்து வளவை யாரும் தொடவேயில்லை. அங்கே தடிகள் தூண்டில் கம்பு மொத்தத்தில் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன, ஒன்றும் தடிக்கவில்லை. நடுவில் சிவராணியின் வளவில் வீரை தொடையளவு தடித்திருக்கிறது, கீழே புதுக்கன்றுகள் காலுக்குக் கால் முளைத்திருக்கின்றன.

"நான் நினைச்சன், இனி ஒருத்தரும் ஒண்டையும் வெட்டக்கூடாது எண்டு எழுதுவம் எண்டு," என்றேன்.

"ஐயோ அக்கா, இன்னொரு பிழை எழுதிப்போடாதேங்கோ," என்று சொல்லிவிட்டுக் கத்தியை என் கையில் தந்தார். ஒரு முதிரைக் கட்டையில் மூன்று தளிர். எதை விடுவது என்று என்னையே சொல்லச் சொன்னார். நான் நன்றாகப் பார்த்து, ஆக உயரமானதை விடுவோம் என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். உயரமானது கட்டையின் உச்சியிலிருந்து வந்தது, காற்றுக்குப் பிய்ந்து விழுமாம். நிலத்தோடு ஒட்டி வந்த குட்டைத் தளிர்தான் சொந்தமாக வேர் பிடித்து நிற்குமாம். மற்ற இரண்டையும் வெட்டினேன். மரம் வெட்டுவது பாவம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த நான், ஒரு மரத்துக்காக வெட்டியது அதுதான் முதல் முறை.

"கரடியும் பழத்துக்கு வந்து கொப்பு முறிக்கிறதுதான்," என்றார் சிவராணி, என் முகத்தைப் பார்த்து. "ஆனா அது படம் எடுத்துப் போடுறேல்ல."

பதினொன்றரை இருக்கும், வாசலில் ஒரு வான் வந்து நின்றது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கணவன் கேற்றில் நின்றே, "அக்கா, கொப்போட பழம் இருக்கோ?" என்றார். சிவராணி என்னைப் பார்த்தார். யோகன் அரம்வாளைக் கீழே வைத்தார். வந்தவர் கைபேசியை நீட்டி, "இந்த வீடுதானே? இந்த அன்ரி கொப்போட வாங்கச் சொல்லி எழுதியிருக்கிறா," என்றார்.

அன்ரியாம். வேறொரு நாளில் அதற்கே சண்டை பிடித்திருப்பேன்.

"அந்த அன்ரி நான்தான் தம்பி," என்றேன். "நான் எழுதினது பிழை. வந்து மரத்தைப் பாருங்கோ."

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பின்வளவில் அந்தப் பதினேழு கட்டைகளையும் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "அப்ப ஏன் அன்ரி நீங்கள் அதை இன்னும் மாத்தேல்ல?"

செய்தி கிடைத்து மூன்று கிழமை. மாற்ற இரண்டு நிமிடம் போதும். பாலைப்பழக் காலம் வந்ததும் அந்தப் பக்கத்தைத் திரும்பவும் பலர் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள், எண்ணிக்கை ஏறுவதை நான் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் காரணம். அதை அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன். சிவராணிக்கு அது விளங்கியிருக்க வேண்டும். அவர் உள்ளே போய்ப் படங்கு ஒன்றை எடுத்துவந்து இளம் பாலையின் கீழே விரித்தார்.

கொக்கத்தடியால் நுனிக் கொப்பைக் கொளுவி மெல்ல ஒரு உலுக்கு. பழுத்தது மட்டும் பொலபொலவென்று படங்கில் விழுந்தது, காய் மரத்திலேயே நின்றது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தாய்க்காரி ஆசையில் பிடி பிடியாகத் தின்று, பழப்பாலில் உதடு ஒட்டிக் கதைக்க முடியாமல் தவித்தார், எல்லோரும் சிரித்தோம். மூன்று சுண்டு வாங்கிக்கொண்டு போனார்கள். சுண்டு 200 ரூபா. கொப்பு ஒன்றுகூட முறியவில்லை.

வான் போனதும் நான் கிணற்றடிக்குப் போனேன். அந்த வளவில் சிக்னல் வருவது அங்கேதான். பழைய பதிவில் ஊரின் பெயரையும் வழியையும் அழித்தேன். படத்தையும் அழிக்கப் போனபோது சிவராணி விடவில்லை. "அது இருக்கட்டும். மேல ஒரு வரி எழுதுங்கோ," என்று சொல்லித் தந்தார். "இது பிழை. இப்பிடி வாங்கினால் மரம் காய்க்காது." அவர் சொன்னபடியே எழுதினேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆனி நடுவிலிருந்து ஆடி நடுவரை நல்ல பழம் கிடைக்கும், காலையில் போனால் அன்றைக்கு உலுக்கிய பழமாகவே வாங்கலாம். மூடியுள்ள அகலப் பாத்திரம் ஒன்று கொண்டுபோங்கள், பையில் போட்டால் நசிந்துவிடும். கொப்போடு வாங்கிய பழமும் வீடு போக முன்னரே வாடிவிடும், நான்தான் பொய் எழுதினேன். தின்ன முன்னர் உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். பழக் காலத்தில் காட்டுக்குள் தனியே இறங்காதீர்கள், கரடி பற்றி அவர்கள் சொன்னது பகிடி மட்டுமல்ல. வாளியில் கொப்பு வைத்து விற்பவரைக் கண்டால் ஏசாதீர்கள், நாம் கேட்டுத்தான் அவர் வெட்டினார். சுண்டில் இருந்தால் தாருங்கள் என்று மட்டும் கேளுங்கள், நாலு பேர் அப்படிக் கேட்டால் நாளைக்குச் சுண்டில் கொண்டுவருவார். ஒட்டுசுட்டானிலிருந்து திரும்பும் பேருந்தை நான் 2.20க்குப் பிடித்தேன், அடுத்தது 3.40க்கு என்றார்கள்.

நான் ஓட்டோவில் ஏறும்போது சிவராணி ஒரு சுண்டு பழத்தை என் மடியில் வைத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த வருடமும் வரலாமா என்று கேட்டேன், கேட்க உரிமை இருக்கிறதா என்று தெரியாமலே.

"ஓம், வாங்கோ அக்கா. பழம் தின்ன வாங்கோ," என்றார். "ஊரைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ."

அதனால் இந்த முறை ஒட்டுசுட்டான் சந்தியோடு நிறுத்திவிட்டேன், ஓட்டோ போன ஊரின் பெயர் எழுதவில்லை. கேட்டும் எழுதாதீர்கள், சொல்ல மாட்டேன்.